திருக்குடும்பக் கோயிலுக்கு எத்தனை பேர்

எத்தனை பேர் என்று ரொவீனா கேட்டிருந்தாள். மத்தியானம் மூன்றரை மணிக்கு வந்த மெசேஜ். ‘டாடி, பார்சிலோனா கோயிலுக்கு இன்னைக்கு டிக்கெட் போட்டுருவேன். எத்தனை பேர்னு பேரோட எழுதி அனுப்புங்க. அஞ்சு மணிக்குள்ள.’ அவ்வளவுதான். எப்போதும் ரெண்டு மூணு சிரிப்புப் பொம்மை போட்டு அனுப்புகிறவள், இதில் ஒன்றுகூடப் போடவில்லை. பெர்க்மான்ஸ் மோத்தா கண்ணாடியை மாட்டி ஒருதரம் படித்தார், கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மாட்டி இன்னொருதரம் படித்தார். எத்தனை பேரா? பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு மூணு பேருக்கு விசா வாங்கியவள் அவள்தான், மூணு பேருக்கு விமானத்தில் இடம் பிடித்தவளும் அவள்தான். அப்பா, அம்மா, அவள். அவள் புருஷனுக்கு லீவு இல்லை, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம். இன்னும் பதினோரு நாளில் பயணம். அட, மூணு பேர்தான் என்று எழுதி அனுப்பிவிட்டுக் காலை நீட்டிப் படுக்க வேண்டியதுதானே என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பீர்கள், உங்களுக்கென்ன, நீங்கள் சுங்க இலாகாவில் முப்பத்தி நாலு வருஷம் வேலை பார்த்தவரா? அதில் கடைசிப் பதினெட்டு வருஷம் ஏர்போர்ட்டில், வருகிறவன் முகத்தைப் பார்த்துப் பெட்டியைத் திறக்கச் சொல்கிற இடத்தில் நின்றவரா? மோத்தா நின்றவர். எதிரே ரெண்டு பெட்டி கண்ணுக்கு முன்னால் கிடக்கும், ‘மொத்தம் எத்தனை பெட்டி?’ என்று கேட்பார். பதில் வேண்டிக் கேட்பதில்லை. சொல்லும்போது அவன் தொண்டை எப்படி ஏறி இறங்குகிறது என்று பார்க்கத்தான் கேட்பது. தெரிந்ததையே ஒருத்தி கேட்கிறாள் என்றால் அவளுக்கு வேறு என்னவோ வேண்டியிருக்கிறது. தன் வித்தையைத் தன் மகளே தன்னிடம் காட்டுகிறாளே என்று மோத்தாவுக்கு ஒரு பக்கம் பெருமையாகக்கூட இருந்தது. மறுபக்கம் அந்தக் கேள்வி குடைந்தது. மூணு என்பது அவளுக்கே சந்தேகமாகிவிட்டதா? மூணு ரெண்டாகிவிடும் என்று யாராவது சொன்னார்களா? சவத்த விடு என்று போனைக் கவிழ்த்து வைத்தார். கவிழ்த்த கை அங்கேயே இருந்தது.

பெண்டாட்டி ஜெசிந்தா வீட்டில் இல்லை. தெருவில் பதினைந்து வீட்டுக்காரர்கள் கூடிச் செய்கிற அன்பிய ஜெபம் இன்று டெய்லர் கொரைரா வீட்டில். நாலே முக்காலுக்கு வருவாள். மேலே காற்றாடி கடகடவென்று சுற்றியது, துறைமுகப் பக்கமிருந்து ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது. மேசையில் அந்தக் கோயில் படம் கிடந்தது, ரொவீனா பெரிதாகப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தது. மோத்தாவுக்கு முதல் நாளிலிருந்தே அந்தக் கோயில்மேல் ஒரு கண். நூத்தி நாப்பது வருஷமாகக் கட்டிக்கொண்டே இருக்கிறார்களாம். கோபுரத்துப் பக்கத்தில் கிரேன் நிற்கிறது. ஏன் இந்தக் கோயில்? தூத்துக்குடிக்காரிக்குக் கோயிலுக்கா பஞ்சம்? வீட்டிலிருந்து நடந்தால் பனிமய மாதா. பஸ் ஏறினால் உவரி அந்தோணியார். சரி, வெளிநாடுதான் போக வேண்டும் என்றால் லூர்து இருக்கிறது, தண்ணீர் பிடித்து வரலாம். ரோமாபுரி இருக்கிறது, போப்பாண்டவர் ஜன்னலில் நின்று கை காட்டுவார். இதில் என்ன இருக்கிறது? மாதா காட்சி கொடுத்த இடமா, இல்லை. அழியாத புனிதர் உடம்பா, அதுவும் இல்லை. கேட்டதற்கு ஜெசிந்தா சொன்ன பதிலை நினைத்தாலே மோத்தாவுக்கு இன்னும் எரிச்சல். ‘அது திருக்குடும்பக் கோயில்லா. எனக்கு அதுதான் பாக்கணும்.’ சூசையப்பர், மாதா, நடுவில் குழந்தை இயேசு என்று வீட்டு நடுக்கூடத்திலேயே ஒரு திருக்குடும்பம் சிவப்பு பல்பு எரிய நாப்பது வருஷமாகத் தொங்குகிறதே, அதைப் பார்த்தால் போதாதா? சொல்லிவிட்டு அவள் இவர் கண்ணைப் பார்க்கவில்லை, ஆய்ந்துகொண்டிருந்த கீரையைப் பார்த்தாள். அன்றைக்கே மோத்தா மனசுக்குள் ஒரு சாக்பீஸ் குறி போட்டுவிட்டார். சந்தேகப் பெட்டிமேல் போடுகிற குறி. முதலில் வந்த சந்தேகம் அவன்தான். அவன் என்றால், சாவியோ, மூத்தவன். இந்த வீட்டில் அந்தப் பேரைச் சொல்லிப் பதினோரு வருஷம் ஆகிறது. மோத்தா சொல்லக் கூடாது என்று தடை ஒன்றும் போடவில்லை. யாராவது சொன்னால் எழுந்து கொல்லைப் பக்கம் போய்விடுவார், அவ்வளவுதான், ரெண்டு மூணு தரம் அப்படிப் போனார், அப்புறம் யாரும் சொல்லவில்லை. ‘சாவியோ டாடி, சாவியோ டாடி’ என்று தன்னை இருபத்தாறு வருஷம் கூப்பிட்ட ஜெசிந்தா ஒருநாள் ‘ரொவீனா டாடி’ என்று கூப்பிட ஆரம்பித்தாள். அது எந்த நாள் என்று மோத்தாவுக்குத் தெரியாது. கால் பவுன் தங்கத்தைப் பெல்ட் பக்கிளில் கண்டுபிடித்தவருக்கு அது தெரியவில்லை. ஆக, அவனைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்துவதற்கான ஏற்பாடா இது? மோத்தா வரைபடத்தை எடுத்துப் பார்த்தார். ஒரு கிறிஸ்மஸுக்கு ஜெசிந்தா பேருக்கு அவன் கையெழுத்தில் வந்த கார்டின் உறையை அவள் குப்பையில் போட்டபோது இவர் எடுத்துத் தபால்தலையைப் பார்த்திருந்தார். நார்வே. அங்கிருந்து பார்சிலோனா ஏறக்குறைய தூத்துக்குடிக்கும் டெல்லிக்கும் உள்ள தூரம். நூலை வைத்து அளந்து பார்த்துவிட்டு, ச்சே, அதில்லை என்று அந்தச் சந்தேகத்தை விட்டுவிட்டார். விட்டதில் மனசு லேசாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. எதற்காகவோ அன்று ரெண்டாம் தரமும் நூலைப் பிடித்து அளந்தார்.

அவன் இல்லை என்றால் வேறு என்ன? இங்கேதான் மோத்தாவின் தொண்டை வருகிறது. கிறிஸ்மஸுக்கு முந்திப் பிடித்த தொண்டைக்கட்டு, தவக்காலம் முடிந்தும் விடவில்லை. பேசினால் கரகரவென்று ஒரு சத்தம், அதுவும் பாதியில் நின்றுவிடும். லீவுக்கு வந்திருந்த ரொவீனா பாளையங்கோட்டையில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனாள். மூக்கு வழியாகக் கேமரா வைத்த ஒரு குழாயை விட்டுப் பார்த்தான், சின்னப் பையன் டாக்டர், நகம் சுத்தமாக வெட்டியிருந்தான். ‘ஒண்ணுமில்ல சார், வயசாயிருச்சுல்லா, தண்ணி நிறையக் குடிங்க’ என்றான். ஒண்ணுமில்ல சார். எத்தனை ஆயிரம் பேர் அந்த வார்த்தையை மோத்தாவிடம் சொல்லியிருப்பார்கள்! பெட்டியில ஒண்ணுமில்ல சார், வெறும் துணிதான் சார், அம்மாவுக்கு மருந்து சார். ஒண்ணுமில்லாதவன் ஒண்ணுமில்லை என்று சொல்ல மாட்டான், பேசாமல் திறந்து காட்டுவான். அதோடு விட்டதா? ‘நீங்க போய் மாத்திரைய வாங்குங்க டாடி’ என்று இவரை வெளியே அனுப்பிவிட்டு ரொவீனா உள்ளே நின்றாள். கதவில் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. டாக்டர் பேசுகிறான், அவள் தலையை ஆட்டுகிறாள், அப்புறம் தலை ஆடுவது நின்றுவிட்டது, கைக்குட்டையை எடுத்தாள். எட்டு நிமிஷம். மோத்தா கடிகாரத்தைப் பார்த்தார். ஒண்ணுமில்லாததைச் சொல்ல எட்டு நிமிஷமா? வெளியே வந்தவள் ‘டீ குடிப்போமா டாடி’ என்று கேட்டாள், அதிலும் ‘சர்க்கரை போட்டே குடிங்க’ என்றாள். அன்றிலிருந்து எல்லாருக்கும் இவர்மேல் ஒரே பாசம். எளவு, இந்தப் பாசம்தான் மோத்தாவின் தூக்கத்தைக் கெடுத்தது. ஜெசிந்தா சண்டை போட்டு மூணு வாரம் ஆகிறது. ஈரத் துண்டைக் கட்டில்மேல் போட்டுப் பார்த்தார், வேண்டுமென்றே போட்டார், அவள் பேசாமல் எடுத்துக் காயப்போட்டாள். நாப்பது வருஷத்தில் நடக்காத காரியம். நேற்று பேக்கரியில், முட்டையும் முந்திரியும் அடித்துச் செய்கிற மக்ரூன் ரெண்டு கிலோ சொல்லி வைத்திருக்கிறாள், பயணத்துக்காம். வீட்டில் மக்ரூன் தின்கிறவர் யார்? ரொவீனாவுக்கு முட்டை ஆகாது. இவளுக்குப் பல்லில் ஒட்டும். இவருக்குச் சர்க்கரை வியாதி, தொட்டாலே சத்தம் போடுவாள். இப்போது ரெண்டு கிலோ! தின்னட்டும், இனி என்ன, ஆசைப்பட்டதைத் தின்னட்டும் என்கிற கணக்குத்தானே அது? ஆக, டாக்டர் ரொவீனாவிடம் சொல்லிவிட்டான். அவள் அம்மாவிடம் சொல்லிவிட்டாள். ரெண்டு பேரும் சேர்ந்து கண் மூடுமுன் ஒரு நல்ல கோயிலைக் காட்டிவிடுவோம் என்று கிளம்பியிருக்கிறார்கள். எத்தனை பேர்? பதினோரு நாளில் இவர் எழுந்து நடப்பாரா மாட்டாரா என்று அவர்களுக்கே தெரியவில்லை. அதைத்தான் நாசூக்காகக் கேட்கிறாள். மோத்தாவுக்குப் பயம் வந்தது. சும்மா சொல்லக் கூடாது, நல்ல பயம். சாவதில்கூட அப்படி ஒன்றுமில்லை, அறுபத்தெட்டு வயசு, பார்த்தாயிற்று. ஆனால் தன்னைப் பற்றிய ஒரு விஷயம் தன்னைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருக்கிறதே, அதுதான் பொறுக்கவில்லை. தன் பெட்டியைத் தான் இல்லாத நேரத்தில் யாரோ திறந்து பார்த்து மூடி வைத்த மாதிரி இருந்தது.

நாலு மணி பத்து நிமிஷம். மோத்தா எழுந்தார். எழுந்தவர் தண்ணீர் குடிக்கத்தான் எழுந்தார், தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருக்கிறானே. கால் படுக்கையறைக்குள் போனது. கட்டில்மேல் ஜெசிந்தாவின் பெட்டி வாயைத் திறந்துகொண்டு கிடந்தது, பதினோரு நாளைக்கு முன்னாலேயே அடுக்க ஆரம்பித்துவிட்டாள். பெண்டாட்டி பெட்டியைச் சோதிக்கிறோமே, வெட்கமாக இல்லையா? இருந்தது. ஆனாலும் அந்தக் கைகள் இருக்கின்றனவே, அவற்றுக்குப் பென்ஷன் கிடையாது. அவை தம்பாட்டுக்கு இறங்கின. முதலில் நாலு மூலை. பிறகு ஓரத்து உள்துணி, ரெண்டு விரலால் வருடிக்கொண்டே போக வேண்டும், தையல் விட்டு ஒட்டிய இடம் விரலுக்குத் தெரியும். பிறகு சுருட்டி வைத்தது எதுவோ அது. நீல ஸ்வெட்டர், சுருட்டியிருந்தாள். மற்ற துணியெல்லாம் மடிப்பு, இது மட்டும் சுருட்டு. கை உள்ளே போனது, நின்றது. கைக்குட்டையில் முடிச்சுப் போட்ட ஒரு பொருள். அவிழ்க்கவில்லை. துணியோடு விரலால் தடவினார். தகடு. மெல்லிசு. குளிர்ச்சியைப் பார்த்தால் வெள்ளி. உவரியிலும் வேளாங்கண்ணியிலும் கண்ணாடிப் பெட்டி நிறையக் கிடக்குமே, கண்ணில் கோளாறு என்றால் வெள்ளியில் கண், கால் முடங்கினால் வெள்ளியில் கால், பிள்ளை இல்லையென்றால் ஒரு தொட்டில், எது நோவுகிறதோ அதன் உரு செய்து நேர்ந்துகொண்டு போடுவது, அது. ஆக, நேர்த்திக்கடன்! விரல் தேடியது. கையில்லை, காலில்லை. நுரையீரல் என்றால் ரெண்டு மடல் இருக்கும். இருதயம் என்றால் கீழே கூர்மை வரும். இது சுண்டுவிரல் நீளம், ஒரு பக்கம் அகலமாகி வழவழவென்று வளைகிறது. இப்படித்தான், சரியாக இப்படித்தான், அன்றைக்கும் தொட்டுப் பார்த்துக்கொண்டே நின்றார், ஒரு ஷூவின் குதிகாலை. வேண்டாம், அதை நினைக்க வேண்டாம் என்று தலையை உதறினார். நினைப்பு இவர் சொல்லையா கேட்கும்? துபாயிலிருந்து காலை விமானத்தில் சாவியோ முதல் லீவுக்கு வந்து இறங்கினான். அந்த வாரம்தான் ஒரு துப்பு வந்திருந்தது, தென்பக்கத்துப் பையன் ஒருத்தன் தங்கத்தோடு வருகிறான் என்று. வரிசையில் நின்றவன் அப்பாவைப் பார்த்துச் சிரித்தான், உடனே கண்ணைத் திருப்பிக்கொண்டான், உள்ளுக்குள் எதையோ அடக்கிக்கொண்டு திரும்பவும் சிரித்தான். அந்தச் சிரிப்பு மோத்தாவுக்குத் தெரியும், எத்தனை பேர் முகத்தில் பார்த்தது! சக அதிகாரிகள் நாலு பேர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மகனை விட்டுவிட்டான் என்று ஒருத்தன் சொல்லிவிடக் கூடாது என்றுதான் திறக்கச் சொன்னேன் என்று பிற்பாடு எல்லாரிடமும் சொன்னார். பொய். மகன்மேல் நிஜமாகவே சந்தேகம் வந்தது. அதுதான் உண்மை, அதை இன்றுவரை கோயிலில் சாமியாரிடம் செய்கிற பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லவில்லை. பெட்டியில் புது ஷூ ஒரு ஜோடி, டப்பாவோடு. எட்டாம் நம்பர். சாவியோவுக்குப் பத்தாம் நம்பர் கால். தன் காலுக்குச் சேராத ஷூவை எவன் சுமந்துகொண்டு வருவான்? குதிகாலைத் தடவினார், கனமாகப் பட்டது. கத்தியை வாங்கி எல்லார் முன்னாலும் கிழித்தார், இடது ஷூவை, குறுக்கே. உள்ளே தக்கைதான் இருந்தது. சாவியோ ஷூவைப் பார்த்தான், இவரைப் பார்த்தான். ‘உங்க சைசுதான் டாடி’ என்றான். அவ்வளவுதான் சொன்னான். அன்று சாயங்காலம் டூட்டி முடிந்து வந்தபோது அவன் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தான். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்த வார்த்தை ஒன்று இவர் வாயில் தயாராக இருந்தது, சின்ன வார்த்தைதான். வாயைத் திறந்ததும் வேறு வந்தது. ‘சட்டம்னா எல்லாருக்கும் சட்டந்தாம்ல.’ அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். மகனிடம் மோத்தா பேசிய கடைசிப் பேச்சு அது. லீவு முடியுமுன்னே போய்விட்டான். அவன் கூப்பிடட்டும் என்று முதலில் இருந்தார். பிறகு கூப்பிடலாம்தான், ஆனால் என்னவென்று ஆரம்பிப்பது? ஒரு வருஷம் ஆன பிறகு பேசுவது கஷ்டம். அஞ்சு வருஷம் ஆன பிறகு போன் நம்பரே இருக்காது.

முடிச்சை அவிழ்த்துவிட்டார். இனி என்ன மரியாதை? கைக்குட்டைக்குள் கிடந்தது ஒரு நாக்கு. வெள்ளியில் நாக்கு. நடுவில் கோடுகூடக் கீறியிருந்தான் ஆசாரி. மோத்தா கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். அப்படியென்றால் நாக்கில்! தொண்டையில்கூட இல்லை, நாக்கில் வந்திருக்கிறது, தொண்டைக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது, அந்தக் குழாய்க்காரப் பையன் பார்த்துவிட்டான். துறைமுக ஆபீஸில் இருந்த ஹென்றி வாஸுக்கு நாக்கில்தான் புற்று வந்தது, வெட்டி எடுத்தார்கள், கடைசியில் சிலேட்டில் எழுதிக் காட்டிக்கொண்டு கிடந்தான், அதுவும் ஆறு மாசம். மோத்தா தட்டுத்தடுமாறி அலமாரிக் கண்ணாடி முன்னால் போய் நின்று நாக்கை நீட்டினார். வெள்ளை படிந்த, நடுவில் வெடித்த, ஒரு கிழவன் நாக்கு. இடது ஓரத்தில் சிவப்பாக என்னவோ. அது நேற்றைக்கு இருந்ததா? வெளிச்சம் போதவில்லை, ஜன்னலைத் திறந்துவிட்டு மறுபடி நீட்டினார். வலிக்கவில்லையே. வலிக்காதாம், வலிக்காமல்தான் வருமாம், வாஸ் பெண்டாட்டி சொன்னாள். யேசுவே, பேச்சையா எடுக்கப் போகிறீர்? அப்போதுதான் அந்த நினைப்பு எங்கிருந்தோ வந்து நெஞ்சில் அடித்தது. பேச்சு போவதற்குள் அவனிடம் ஒரு வார்த்தை. அந்தச் சின்ன வார்த்தை. பதினோரு வருஷம் வாய் நன்றாகத்தான் இருந்தது, மீன்காரியிடம் பேசினார், ரேஷன் கடையில் பேசினார், டிவியைப் பார்த்துத் திட்டினார், அதை மட்டும் சொல்லவில்லை. மூதி, மூதி என்று தன்னையே திட்டினார். நாக்கை நீட்டிக்கொண்டு திட்டியதில் அது என்னவோ ஆட்டுக்குட்டி கத்தின மாதிரி கேட்டது. கண்ணில் தண்ணீர் முட்டியது.

“என்ன, நாக்கத் தொங்கப் போட்டுட்டு நிக்கிறீங்க?”

ஜெசிந்தா வாசலில் நின்றாள், ஜெபமாலை இன்னும் கையில். ஜெபம் சீக்கிரம் முடிந்துவிட்டது போல. கட்டிலைப் பார்த்தாள், பிரித்துக் கிடந்த ஸ்வெட்டரைப் பார்த்தாள், கைக்குட்டையைப் பார்த்தாள்.

“பெட்டியச் சோதிச்சாச்சாக்கும்” என்றாள்.

மோத்தா நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டார். வெட்கப்படக்கூட நேரமில்லை. “ஜெசி, எங்கிட்ட மறைக்காத. எனக்கு நாக்குலதான?”

“என்னது நாக்குல?”

“டாக்டர் சொன்னது. ரொவீனா அழுதது. எல்லாம் எனக்குத் தெரியும். எத்தனை மாசம்னு மட்டும் சொல்லு.”

ஜெசிந்தா சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே வேறாகிவிட்டது, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “கோட்டி பிடிச்சிருக்கா உங்களுக்கு? உங்க நாக்குல ஒரு கேடும் இல்ல. டாக்டர் ரொவீனாட்ட என்ன சொன்னாராம் தெரியுமா? உங்கப்பா வீட்ல யார்ட்டயும் பேசுறதே இல்லையாம்மா, பேசாமலே கிடந்தா சத்தம் இப்படித்தான் கட்டிக்கிடும்னாராம். அதக் கேட்டுத்தான் அழுதுருக்கா.”

“பின்ன இது?” கைக்குட்டையைக் காட்டினார்.

“அத ஜன்னல்கிட்ட கொண்டுபோய்ப் பாருங்க. எத்தனை வருசத்து வெள்ளின்னு நானா உங்களுக்குச் சொல்லணும்?”

மோத்தா ஜன்னலுக்குக் கொண்டுபோனார். பயத்தில் பார்க்காததைக் கண் இப்போது பார்த்தது. தகடு கறுத்திருந்தது. ஓரத்தில் கன்னங்கறேல் என்று, நடுவில் மட்டும் கை பட்டுப் பட்டுக் கொஞ்சம் வெளுப்பு. இது நாலஞ்சு மாசத்துக் கறுப்பு இல்லை. பத்து வருஷத்துக்குக் குறையாது. தொண்டைக்கட்டு வருவதற்கு எவ்வளவோ முந்தி அடித்த தகடு.

“அவன் கோவிச்சுட்டுப் போன மறுமாசம் ஆசாரிட்ட சொல்லி அடிச்சது” என்றாள் ஜெசிந்தா. “ஊமைப் பிள்ளைக்குத்தான நாக்கு நேர்வாங்க, யாருக்கும்மான்னு கேட்டாரு. எங்க வீட்டுக்காரருக்குன்னேன். இவரு வாயத் திறந்து எம்பிள்ளட்ட ஒரு வார்த்தை பேசிட்டா கொண்டாந்து போடுறேன்னு நேந்துக்கிட்டேன். உவரிக்கு எத்தனை தரம் எடுத்துட்டுப் போனேன், வேளாங்கண்ணிக்குக் கொண்டு போனேன். கேட்டது கிடைச்சாத்தான போட முடியும்? திருப்பித் திருப்பி வீட்டுக்கே கொண்டு வாரேன்.”

மோத்தா ஒன்றும் பேசவில்லை. பேசவில்லை என்பது அவருக்கே உறைத்தது. “அப்ப அந்தக் கோயில்...” என்று ஆரம்பித்தார்.

“ஒலகத்துல எந்தக் கோயில் பாக்கணும்னு ரொவீனா கேட்டா. திருக்குடும்பம்னு சொன்னேன். நம்ம குடும்பத்த வேற எங்க போய்க் கேக்க?” பெட்டிக்குள் இருந்து ஒரு ரவிக்கையை எடுத்து மடித்தாள், மடித்ததையே மறுபடி மடித்தாள். “எம்பிள்ளட்ட நாள் சொல்லியாச்சு. லீவும் போட்டுட்டான். டாடி அவங்க வாயால கூப்பிட்டா வாரேம்மா, நீங்க யாரு கூப்பிட்டாலும் வரமாட்டேன்னுட்டான். அதான் ரொவீனா எத்தனை பேர்னு உங்கட்ட கேட்டா. நான்தான் கேக்கச் சொன்னேன். நீங்க மூணுன்னு எழுதுனா மூணு பேரு போவோம். இத நான் எடுத்துட்டுப் போயிட்டு எடுத்துட்டு வருவேன்.”

அப்போ மக்ரூன் அவனுக்கு. சின்னப் பிள்ளையில் மக்ரூன் என்றால் சோறு வேண்டாம் அவனுக்கு. நார்வேயும் டெல்லி தூரமும் நூலும், சர்க்கரை போட்ட டீயும்! எல்லாச் சாமானையும் வெளியே எடுத்து வரிசையாக வைத்துவிட்டு, எது எதற்கு என்று மட்டும் தப்பாக எழுதியிருக்கிறார். எட்டாம் நம்பர் ஷூவைப் பார்த்த கண்தானே இது. சிரிப்பாக வந்தது, அவமானமாகவும் இருந்தது, சாகப் போவதில்லை என்பதில் ஒரு சின்னச் சந்தோஷம்கூட ஓரமாக எட்டிப் பார்த்தது. சுவரில் மணி நாலே முக்கால். வெள்ளி நாக்கு உள்ளங்கையில் இப்போது சூடேறியிருந்தது.

“நம்பர் இருக்கா?” என்று கேட்டார். குரல் கரகரவென்று வந்தது. “நீயே கேட்டுச் சொல்லேன். எத்தனை டிக்கெட்டுன்னு.”

“நான் கேக்கமாட்டேன்.” தன் போனை எடுத்தாள், எதையோ தட்டினாள், நீட்டினாள். “இந்தாங்க, மணி அடிக்குது. நீங்களே கேளுங்க, சாவியோ டாடி.”

சாவியோ டாடி. எந்த நாளில் நின்றது என்று தெரியாதது எந்த நாளில் வந்தது என்று இப்போது தெரிந்துவிட்டது. போனைக் காதில் வைத்தார். மணி போய்க்கொண்டிருந்தது, எடுக்காவிட்டால் நல்லது என்று ஒரு மனசு, எடுத்துவிட வேண்டுமே மாதாவே என்று இன்னொரு மனசு. எடுத்துவிட்டான்.

“சொல்லுங்கம்மா.”

குரல் தடித்திருந்தது. ஆம்பிளைக் குரல். மோத்தா வாயைத் திறந்தார், காற்றுதான் வந்தது. அன்றைக்குப் போல வேறு எதுவும் வந்துவிடக் கூடாதே என்று வெள்ளித் தகட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார், அதன் விளிம்பு கையில் பதிந்தது.

“அம்மா? ஹலோ?”

“நான்தாம்ல” என்றார். “டாடி.”

வைத்துவிட்டானோ என்று போனைப் பார்த்தார், வைக்கவில்லை, விநாடி ஓடிக்கொண்டிருந்தது. இனி நிறுத்தினால் நின்றுவிடும் என்று தெரிந்தது. “அந்த ஷூ” என்றார். “அத நான் கிழிச்சிருக்கக் கூடாது. அன்னைக்கு வீட்டுக்கு வந்து சொல்லத்தான் நெனச்சேன். வாய் வரல்ல. நான் ஒன்னயச் சந்தேகப்பட்டேம்ல. சட்டமெல்லாம் ஒண்ணுமில்ல. தப்பு எம்பேர்லதான்.” மூச்சு வாங்கியது. “ரொவீனா கோயிலுக்கு டிக்கெட் போடுதா. அஞ்சு மணிக்குள்ள சொல்லணுமாம். நீ வரணும். நான் கூப்பிடுதேன்.”

ஜெசிந்தா ரவிக்கையால் வாயைப் பொத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். அந்தப் பக்கம் யாரோ மூக்கை உறிஞ்சுகிற சத்தம். அதற்குப் பின்னால், கொஞ்சம் தள்ளி, ஒரு குழந்தை புரியாத பாஷையில் எதையோ கேட்டது. யாரோ ஒரு பெண் அதை அடக்கினாள்.

“எத்தனை போடச் சொல்லட்டும்?” என்று மோத்தா கேட்டார். “நாலா?”

“ஆறு டாடி” என்றான் சாவியோ.

ஆறு. மூணும் ஒண்ணும் நாலு, அப்புறம் ரெண்டு. எப்போது, யாரை, எங்கே வைத்து, எனக்கேன் சொல்லவில்லை என்று கேள்விகள் முப்பத்தி நாலு வருஷப் பழக்கத்தில் வரிசையாக நாக்கு நுனிக்கு வந்து நின்றன. ஜெசிந்தாவைப் பார்த்தார். அவள் காதிலும் விழுந்திருக்கிறது, ஆமாம் என்று தலையை ஆட்டினாள். தெரிந்திருக்கிறது, எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது, இவர் ஒருத்தருக்குத்தான் தெரியவில்லை. கோபம் வரும் என்று பார்த்தார். வரவில்லை. சட்டைப்பையில் பேனாவைத் தேடினார், போனோடு மேசைக்கு வந்து, ரொவீனா பிரிண்ட் எடுத்த கோயில் படத்தைத் திருப்பிப் போட்டு, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் ஆறு கோடு போட்டார். முதல் மூணில் மூணு பேர் எழுதினார். நாலாவதில் சாவியோ என்று எழுதினார், பதினோரு வருஷத்துக்கப்புறம் எழுதுவதில் கை கொஞ்சம் கோணியது.

“டிக்கெட்டுக்குப் பேரும் வேணுமாம்ல” என்றார். “மத்த ரெண்டு பேர் பேரச் சொல்லு. மெதுவாச் சொல்லு, எழுதிக்கிடுதேன்.”